கைக்கண்ணாடியும் என் வாயும்

வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்கு ஆள் சேர்க்க எங்கள் தன்னார்வக் குழு என்னை அனுப்பியதற்குக் காரணம் என் சேவை மனப்பான்மை அல்ல, என் வாய். அது மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. டார்ச்சும் கைக்கண்ணாடியுமாக அக்ரஹாரம் என்ற பேட்டையில் தெருத்தெருவாகப் போய், வாயைச் சோதித்துக்கொள்வது எப்படி என்று செய்து காட்ட வேண்டும். எல்லோரும் கூச்சப்படுவதால் நானே முதலில் வாயைத் திறப்பேன். கன்னத்தை விரலால் விலக்கி, டார்ச் அடித்து, "இப்படி" என்பேன். கண்ணாடி எப்போதும் எதிரில் இருப்பவர் பக்கம்தான்.

அன்று ஒரு புதுக் கட்டடத்தில், ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சித்தாள் வேலை செய்யும் ஒரு அம்மாவிடம் போனேன். கன்னத்தில் புகையிலை. என் பிரசங்கம் முடியும்வரை நான் கொடுத்த துண்டுப்பிரசுரத்தின் படத்தையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, படத்துல இருக்கற வெள்ளைத் திட்டு உங்க வாயிலயும் இருக்குதுங்களே?"

"அது சுண்ணாம்பு பட்டது" என்றேன். மூன்று வேளையும் வெற்றிலை போடுகிறவன் நான். ஆனால் சுண்ணாம்பு எப்போது சுட்டது? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"அப்ப நீங்களும் டாக்டர்கிட்டக் காட்டுங்க. நீங்க காட்டுனாத்தான் நானும் வருவேன். இல்லீனா ஆளை விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை முகாமில், கழுத்தில் தன்னார்வலர் அட்டையோடு நோயாளிகள் வரிசையில் நின்றேன். கழிவறை எங்கே என்று கேட்டவருக்கு வழி காட்டிவிட்டு வருவதற்குள் என் இடம் போய்விட்டது.

"சார், நீங்க வாலன்டியரா, பேஷன்ட்டா? பேக ஹேளி சார்" என்று, சீக்கிரம் சொல்லச் சொல்லிக் கன்னடத்தில் அவசரப்படுத்தினார் பதிவு செய்த நர்ஸ்.

எளிய கேள்விதான். அட்டையைக் கழற்றினேன். ஏனோ மறுபடியும் மாட்டிக்கொண்டேன்.

அந்த அம்மாவுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை, புகையிலையை விட்டால் போதும் என்றார் டாக்டர். எனக்கு, ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் இருக்கலாம். திங்கட்கிழமை வந்தால் சின்னச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். நாலு புத்தகம் படித்தவன்தான். அந்த வாக்கியத்தை எப்படிப் பிரித்துப் படித்தாலும் பொருள் பிடிபடவில்லை.

அந்த அம்மா வெளியே காத்திருந்தார். "ஆரம்பத்துலயே பாத்துட்டாப் பயப்பட ஒண்ணுமில்லைங்ணா. நீங்க சொன்னதுதானுங்க."

நான் சொன்னதுதான். எத்தனையோ வாசலில் சொல்லியிருக்கிறேன். பிறர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"அந்தக் கண்ணாடியக் குடுங்க."

கொடுத்தேன். என் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். "தொறங்க."

திறந்தேன். இருந்தது.

"திங்கக்கெழமை போவீங்கல்ல?"

வாய் திறந்திருந்ததால் பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.