முதல் திரி

"நாலு எழுத்து படிச்சதுக்காக வழக்கத்தயே மாத்திப்புடுவியா நீ?"

புசல்லாவையிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, போன வெள்ளிக்கிழமை என்னிடம் கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

அப்பா கண்டியில் தீயணைப்பு வண்டி ஓட்டினார். ஹேவாஹெட்டப் பக்கம் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயம் புதைந்தபோது மீட்கப் போனார். வண்டியிலேயே இருந்திருக்கலாம். இறங்கினார். மேட்டு மண் இரண்டாம் முறையும் சரிந்தது.

கடமையில் இறந்தவர்களுக்காக நிலையத்தில் வருடந்தோறும் ஒரு கூட்டம் நடக்கும். முற்றத்தில் ஆளுயர விளக்கு வைத்து, முதல் திரியை ஏற்ற இறந்தவரின் மனைவியை அழைப்பார்கள். அவர்களிடம் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. அம்மாவை அழைத்தபோது அவர் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். தாலி இழந்தவள் விளக்கைத் தொடுவதா? அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டு விளக்கையும் நான்தான் ஏற்றிவந்தேன். மறுவருடமும் அம்மா அப்படியே நகர்ந்தார். இந்த வருடம் அழைப்பே வரவில்லை.

ஏன் என்று கேட்க நிலையத்துக்குப் போனேன். பொறுப்பதிகாரி சிங்களவர், அப்பாவோடு வேலை செய்தவர். என்னை நங்கி, தங்கச்சி, என்று அழைத்து, தெரிந்த தமிழில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நங்கி, அம்மா எங்க மேல கோவம் தானே? அப்பாவ நாங்க உட்டுட்டு வந்த எண்டு. அதுதான் கூப்பிட பயம்."

சிங்களத்தில் நான் காரணத்தை விளக்கினேன். அவர் தன் அப்பாவை, சிங்களத்தில் 'தாத்தா'வை, நினைத்துச் சொன்னார்.

"எங்க அம்மா, தாத்தா செத்த பொறகுதான் தினம் பன்சலைல புத்தருக்கு வெளக்கு பத்த வைக்கிற. ஒங்க சாமி மட்டும் ஏன் நங்கி இவ்வளவு கண்டிப்பு?"

இருவருமே சிரித்துவிட்டோம். முதல் திரியை அம்மாதான் ஏற்றுவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா பதறிப்போனார்.

"நான் கோவிச்சுக்கிட்டேன்னா நெனச்சாங்க? வெறுங்கையால மண்ணத் தோண்டி ஒங்கப்பாவ எடுத்துக் குடுத்த மனுசங்கடி அவங்க!" பிறகு குரல் இறங்கியது. "ஆனா, நான் எப்பிடி வெளக்கத் தொடுறது?"

அப்போதுதான் அத்தை அப்படிக் கேட்டார். தம்பியை நினைத்து இன்றும் அழுகிறவர்தான் அவர். அந்தத் தம்பிக்குச் சேரவேண்டிய மரியாதை, அம்மாவின் கைவரை வந்து இரண்டு முறை திரும்பிப் போயிருக்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பொழுது சாய்ந்திருந்தது. சாமிப்படத்தின் முன் விளக்குக்கு எண்ணெய் விட்டேன். திரி போட்டேன். ஏற்றவில்லை. தீப்பெட்டியை அம்மாவின் கையில் வைத்துவிட்டு, அத்தைக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டேன்.