மொரீன் திரும்பிய இடம்

எங்கள் மேட்டுப் புல்வெளியில், மூன்று நீர்த்தேக்கங்களைச் சுற்றி வருடா வருடம் ஓட்டப் பந்தயம் நடக்கும். வழியில் அடையாளம் எதுவும் வைக்கமாட்டோம். இடம் தெரிந்தவர் பின்னால் ஓட வேண்டியதுதான். தெரிந்தவர் என்றால் தபால்காரி மொரீன். வயது அறுபத்திரண்டு. மூடுபனியிலும் கால் தவறாது. வருடா வருடம் ஜெயிப்பதும் அவள்தான்.

இரண்டாவது அணையைத் தாண்டியதும் நேராகப் போகாமல், இடிந்த ஆட்டுப்பட்டிச் சுவருக்குப் பின்னால் வளைந்து போவாள். நாங்களும் வளைவோம். இருபது வருடத்தில் அங்கே ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது.

ஏன் அந்த வளைவு? நேரே போனால் சேறு என்றார் எங்களோடு ஓடும் கிளிஃபோர்ட். காற்றுக்கு மறைவு என்றார்கள் சிலர். எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு கோடையில் போய் அடியெண்ணிப் பார்த்தேன். நேர்வழி நல்ல கெட்டித் தரை. எழுபது அடி மிச்சம்!

இந்த வருடம் பந்தயம் முடிந்து, ஊர்க் கூடத்தில் பட்டாணி மசியல் சாப்பிடும்போது அவளிடமே கேட்டேன்.

மொரீன் கரண்டியைத் தட்டில் போட்டாள்.

"இப்பவாச்சும் கேட்டியே! மொத வருஷம் ஒண்ணுக்குப் போகத்தான் அந்தச் சுவத்துக்குப் பின்னால போனேன். திரும்பிப் பாத்தா முப்பது பேரு பின்னாலயே வர்றீங்க. என்ன செய்யச் சொல்ற? அப்படியே ஓடிட்டேன்."

"சரி, அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமும் அவசரம்தான். அப்பவும் வந்தீங்க. இருபது வருஷமா அடக்கிக்கிட்டு ஓடுறேன்ப்பா. பின்ன எப்படி ஜெயிக்கிறேன்னு நெனச்ச?"