தண்ணீர் டின்னும் மணல் டின்னும்

விஞ்ஞானக் காட்சிக்கூடத்தில் சனிக்கிழமை வழிகாட்டிகளாக இருந்த இளம் ஆட்களுக்கு ஒரே சட்டம்தான்: பதிலைச் சொல்லக் கூடாது. பிள்ளைகளிடம் கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும், அவர்களே செய்துபார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். வாயாடியான எனக்கு ஆரம்பத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பதே பெரிய வேலையாக இருந்தது.

என் மேசையில் ஒரு சரிவுப் பலகையும் இரண்டு டின்களும் இருந்தன. ஒன்றில் தண்ணீர், மற்றதில் இறுக்கி அடைத்த மணல். சேர்த்து உருட்டினால் எது முதலில் கீழே வரும்? பம்பலப்பிட்டிப் பிள்ளைகள் என்றாலும் தெமட்டகொடைப் பிள்ளைகள் என்றாலும் மணல் என்றுதான் கத்துவார்கள். தண்ணீர் முந்திவிடும். அப்போது எழும் கூச்சலுக்காகவே கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி மாறிப் போவேன்.

பிறகு அங்கேயே நிரந்தர வழிகாட்டி வேலை ஒன்று வந்தது, தமிழில் விளக்குகிறவருக்கு ஒரே ஓர் இடம். அதை விட்டால் எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது. நேர்முகம் நடத்த வந்தவர்கள் தலைமை அலுவலகத்து ஆட்கள், எங்கள் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தே இராதவர்கள். டின்களைக் காட்டி விளக்கச் சொன்னார்கள்.

"எது முதல்ல வரும் என்று நினைக்கிறீங்க, சேர்?" என்று நடுவில் இருந்தவரிடம் கேட்டேன்.

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். உருட்டினேன், தண்ணீர் முந்தியது. "ஏன் அப்பிடி?" என்றேன்.

"கேள்வி கேட்கிறது நாங்கள், மிஸ்" என்றார். எனக்கு உறைக்கவேயில்லை. ஆளுக்கு ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு கேள்வியும் கேட்டேன்.

பாட அறிவு போதாது என்று சொல்லிவிட்டார்கள். வேலை வேறொருவருக்குப் போனது.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். "பிள்ளைக்குப் பதில் தெரியாதோ?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியும் அப்பா."

"தெரிஞ்சால் சொல்லியிருக்கலாமே, மகள்."

அவரோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை, கடைசித் தடவையாகப் போனேன். வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் டின்களைக் காதில் வைத்துக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தாள். "அக்கா, எது முந்தும்?"

"தண்ணி. டின் சுத்தேக்க உள்ள இருக்கிற தண்ணி அதோட சேர்ந்து பெரிசா சுத்தாது. மணல் சுத்தும், அதுக்குச் சக்தி செலவாகும். அதால மணல் பிந்தும்."

ஒரே மூச்சில், பிழையில்லாமல் சொல்லி முடித்தேன். நேர்முகத்தில் இப்படிச் சொல்லியிருந்தால் வேலையைத் தந்திருப்பார்கள்.

"ஓ" என்றாள் அவள். டின்களை உருட்டாமலேயே மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.