அதிமதுரம் மென்ற ஏலக்காரி

1. சங்கரா மேல் உட்கார்ந்தது

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன விசைப்படகுகள் மீனோடு கரைக்குத் திரும்பிய முதல் வாரம். காசிமேட்டில் எங்களுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. நான் ஏலம் விடுகிறவள். படகு ஓனர்கள் மீனை இறக்கிக் கொடுப்பார்கள், நான் விலை கூவி வியாபாரிகளுக்கு விற்பேன். அன்றைக்கு மூன்று படகு மீன் என் பொறுப்பு. இரண்டாவது கூடைக்கே கால் இரண்டும் மரத்துப் போயின. "ரெண்டு தரம்..." என்று கூவியபடியே பக்கத்தில் இருந்த சங்கரா மீன் கூடை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பாபு பல வருஷமாக என்னிடம் மீன் எடுக்கும் வியாபாரி. அவன் வாய் சும்மா இருக்குமா?

"இன்னாக்கா, அந்தக் கூடைய நீயே எடுத்துக்கினியா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். எழுந்திருக்கப் பார்த்தேன். தொடையில் துளி பலம் இல்லை. முதலில் சிரிப்பை நிறுத்தியது பாபுதான். ஓடிப்போய் ஆட்டோ பிடித்ததும் அவன்தான்.

2. ஆளுக்கு ஒரு வைத்தியம்

ஏலக்காரிக்கு முதலீடே தொண்டைதான். டீசல் புகை, ஐஸ் உடைக்கிற மிஷின், இத்தனை பேர் கூச்சல், எல்லாவற்றையும் தாண்டி என் குரல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஓனர் அடுத்த படகு மீனை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். அதனால் போன வருஷம் குரல் கம்ம ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று.

எங்கள் துறைமுகத்தில் மீனைவிட வைத்தியர்கள் அதிகம். ஒருத்தர் மிளகைக் கடி என்றார், ஒருத்தர் சித்தரத்தை என்றார். வலை பின்னுகிற பெரியவர் கழுதைப் பால் குடிக்கச் சொன்னார். கழுதைக்கு எங்கே போவது என்று கேட்டேன். நாலைந்து பேர் ஒன்றாகப் பாபுவைக் கை காட்டினார்கள்.

கடைசியில் எனக்குக் கேட்டது அதிமதுரம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வேர். சுண்டுவிரல் நீளத் துண்டு ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் தொண்டை வழவழவென்று இருக்கும். இனிப்பு வேறு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் ஏலக்காரி, கிடைத்த விலையில் நிற்கிற புத்தி எனக்குக் கிடையாது. ஒரு துண்டு இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, டீயிலும் பொடியாகப் போட்டுக் குடித்தேன். பல மாதம் இப்படியே ஓடியது.

நடுவில் ஒருநாள் தலைவலி என்று தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். பிரஷர் ஏறியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதினார். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

"ஒன்னியும் இல்ல சார்" என்றேன், கன்னத்தில் வேரை வைத்துக்கொண்டே.

பொய் சொல்லவில்லை. அது மருந்து என்று எனக்குத் தோன்றவே இல்லை. மருந்து என்றால் கசக்க வேண்டாமா? அடுத்த மாதமும் பிரஷர் இறங்கவில்லை. அவர் மாத்திரையைக் கூட்டினார். கணுக்கால் வீங்கி, கல்யாண மோதிரம் விரலை விட்டுக் கழலாமல் போயிற்று. வயசாச்சு என்று விட்டுவிட்டேன்.

3. வார்டில் பிடிபட்டேன்

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் ரொம்பக் குறைந்திருந்தது. அதனால்தான் கால் துவண்டதாம், இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பே தப்பிவிடுமாம். என் வீட்டுக்காரர் அந்தோணி ஜெபமாலையை எடுத்துவிட்டார். காரணம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. நானோ டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

நர்ஸ் பார்த்துவிட்டார். "என்னம்மா மெல்றீங்க?"

"அதிமதுரம். உனக்கும் ஒன்னு வோணுமா?"

நர்ஸ் போய்ச் சொல்ல, அரை மணி நேரத்தில் அதே ஆஸ்பத்திரி சித்தா பிரிவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். எனக்குத் தைரியம் வந்தது. சித்தா டாக்டர் ஆயிற்றே, நம் பக்கம்தான் பேசுவார் என்று நினைத்தேன்.

"யாரு எழுதிக் குடுத்தா?"

"யாரும் எழுதலையே. வேருதான டாக்டரம்மா, அதுல இன்னா கீது?"

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாங்களே இதை அளந்து, நாள் கணக்கு வச்சுத்தான் குடுப்போம். பிரஷர் இருக்கிறவங்களுக்குக் குடுக்கவே யோசிப்போம். இது உடம்புல உப்பைத் தங்க வச்சுப் பிரஷரை ஏத்தும், பொட்டாசியத்தை இறக்கும். நீங்க மிட்டாய் மாதிரி தின்னுட்டு வந்திருக்கீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இத வுட்டா என் கொரலு பூடுமே. சீசன் இப்பத்தான் ஆரம்பிச்சிகீது."

"முதல்ல உயிர் இருக்கட்டும். தொண்டைக்கும் வழி இருக்கு, அதைப் பாக்கிற டாக்டர் பாக்கட்டும்" என்று அவரே சீட்டு எழுதினார். தொண்டை டாக்டர் பார்த்துவிட்டுப் பத்து நாள் வாயே திறக்கக் கூடாது என்றார். கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிக் கிடந்ததாம். வேர் வலியை மட்டும் மறைத்திருக்கிறது. பத்து நாளும் அந்தோணி முகத்தில் இருந்த நிம்மதியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

4. திரும்பிப் போன காலை

வேரை விட்ட பிறகு வீக்கம் வடிந்தது, பிரஷரும் மெல்ல இறங்கியது. கிளினிக் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மாத்திரையை அவர் குறைத்தார். குரல் மட்டும் பழையபடி வரவில்லை, கரகரவென்றுதான் வந்தது. மூன்று ஓனர்களில் ஒருவர் அதற்குள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார். மிச்ச இருவரும் ஒரு நாள் பார்க்கலாம் என்றார்கள்.

பயத்தோடு போய் நின்றேன். வாய் காய்ந்தால் குடிக்கத் தண்ணீர் பாட்டில், கத்தாமல் இருக்க வாடகைக்கு ஒரு கை மைக். முதல் கூடை நெத்திலி. விலை சொன்னேன். மைக்கிலேயே குரல் உடைந்தது. பின்னால் நின்றவர்கள் "கேக்கல" என்று கத்தினார்கள். ஓனர் என்னைப் பார்த்தார். முடிந்தது பிழைப்பு என்று நினைத்தேன்.

பாபு திரும்பி நின்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "கம்முனு இருங்கய்யா! மீனு வோணும்னா காதக் குடு!"

அடங்கினார்கள். அன்று இரண்டு படகு மீனையும் விற்று முடித்தேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வேரோ இலையோ, உடம்புக்கு வேலை செய்தால் அது மருந்து. படித்த சித்தா டாக்டரைக் கேட்டு, சொன்ன அளவில் சாப்பிடுங்கள். எந்த டாக்டர் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதிமதுரம் நல்லது என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். கேட்டு வாங்கித் தின்றவர்களில் ஆறு பேருக்குப் பிரஷர். அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து, இந்த உடைந்த குரலிலேயே சொல்லி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்த ஆறு பேருக்கும் நான் சொன்னது நன்றாகவே கேட்டது.