கண்ணாடிப் பெட்டியில பச்சோந்தி

என் தம்பி வீரையனைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்குக் கோவம்தான் முந்திக்கிட்டு வரும். இன்னைக்கு அவன் பேருல மனைப்பட்டா இருக்கு, மக ஒருத்தி டீச்சரு. ஆனா அவன் வீட்டுல ஒரு தொட்டிச் செடி கெடையாது. பெரணிச் செடியைக் கண்டா மொகத்தைத் திருப்பிக்குவான்.

கீழ்வேளூருக்குக் கிழக்கால எங்க ஊரு. ஆத்தா அப்பன் போனப்புறம் நான்தான் அவனை வளர்த்தேன். மிராசுதார் வீட்டுல பண்ணையாளா இருந்தான். மிராசுதார் மக சாவித்திரி தஞ்சாவூரு ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சுச்சு. மலையிலேருந்து பெரணி கொண்டாந்து, ஆளு ஒசரக் கண்ணாடிப் பெட்டியில வச்சுட்டு, வீரையனைப் பார்த்துக்கச் சொல்லிட்டுப் போயிடுச்சு. அடியில கரித்துண்டு, மேல ஆத்து மணலு, அதுக்கு மேல மக்குன எலை. இந்தப் பய நாத்து நடுற பழக்கத்துல பெரணிக் கெழங்கை மண்ணுல அமுக்கி, மொத வச்சதையெல்லாம் அழுக வச்சான். அப்புறம்தான் கல்லு மேல படுக்க வச்சுக் கட்டப் பழகுனான்.

பெட்டி தழைஞ்சதும் அந்தப் பொண்ணு ஒரு பச்சோந்தியை உள்ள விட்டுச்சு. அதுக்குக் கிண்ணத்துத் தண்ணி தண்ணியாவே தெரியாது. எலையில நிக்கிற சொட்டைத்தான் நக்கும். அந்தப் பொண்ணுக்கே தெரியாத இதை, இவன் பார்த்துப் பார்த்துக் கண்டுபுடிச்சான். வீரையன் காலையிலயும் சாயங்காலமும் புதுசா ஒரு கொசுமருந்துப் பம்புல தண்ணி ஊத்திப் பெரணி மேல அடிப்பான். அது நக்குறதை வாயப் பொளந்துக்கிட்டுப் பார்ப்பான். வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு, கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். "ஒனக்குப் பொண்ணு பார்க்கவா, பச்சோந்தி பார்க்கவா?"ன்னு கேலி பண்ணுவேன்.

அந்த வருசம் சம்பா அறுப்பு. கழக ஆட்சி வந்தும் எங்க கூலி ஏறல. அறுக்குற கலம் நெல்லுக்குக் கூலி ஒரு படி கூட்டித் தர்ற வரைக்கும் மிராசுதார் வயல்லயும் வீட்டுலயும் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாதுன்னு சங்கத்துல முடிவாச்சு. நாலு நாள் தாங்கல, இவன் கொல்லைப்பக்கமாப் பூந்து பம்பு அடிச்சிட்டு வந்துட்டான். மிராசுதார் விடுவாரா? "உங்க ஆளே வேலைக்கு வந்தாச்சு"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. ரெண்டு வீட்டுக்காரங்க அறுப்புக்கே கெளம்பிட்டாங்க.

கூட்டத்துல சங்கத் தலைவர் முருகையன், "ஏண்டா போன?"ன்னாரு.

"பச்சோந்திக்குத் தண்ணி வைக்கப் போனேங்க."

சிரிச்சவங்க பாதி, காறித் துப்புனவங்க பாதி. எனக்கு மானமே போச்சு. அத்தனை பேர் முன்னாடியும் வீரையன், இனி அந்த வீட்டுக்கு ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுனான்.

பொங்கல் லீவுக்கு வந்த சாவித்திரி, எங்க தெருவுக்கே வந்து நின்னுச்சு. மிராசுதார் வீட்டுப் பொண்ணு அங்க கால் வச்சது அதான் மொத தடவை.

"வீரையன் இருக்காரா? கிண்ணத்துல தண்ணி மாத்தி மாத்தி வைக்கிறேன், அது குடிக்கவே மாட்டேங்குது. கண்ணு உள்ள போயிடுச்சு. அவர் வர வேண்டாம், என்ன செய்யணும்னு மட்டும் சொன்னாப் போதும்."

கதவுக்குப் பின்னாலதான் நின்னான். வாயத் திறக்கப் போனான். நான் பார்த்த பார்வையில மூடிக்கிட்டான்.

"அவன் இல்லம்மா"ன்னேன்.

அடுத்த வாரம் மிராசுதார் எறங்கி வந்தாரு. கேட்ட படி கெடைச்சுச்சு. தெருவே கூத்தாடுச்சு, இவன் மட்டும் அந்த வீட்டுக்கு ஓடுனான்.

திரும்பி வந்தப்ப மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. பெரணியெல்லாம் சுருண்டு போச்சாம். பச்சோந்தி குச்சியைப் புடிச்சபடியே காஞ்சு கெடந்துச்சாம். கீழ கிண்ணம் நெறையத் தண்ணி. "நான் என்ன தப்புப் பண்ணேன் வீரையன்?"னு அந்தப் பொண்ணு தேம்பித் தேம்பி அழுதுச்சாம்.

"நீ என்னடா சொன்ன?"

"தெரியலம்மான்னு சொல்லிட்டேன்க்கா."

கூலி நெல்லுல ஆக்குன சோத்தைத் தட்டுல போட்டு முன்னாடி வச்சேன். "சத்தியத்தைக் காப்பாத்திட்டல்ல, பேசாமச் சாப்பிடு."

அவன் சோத்தைத் தொடல. "சத்தியம் பண்ணது நான்தானேக்கா"ன்னான். "நீ பண்ணலையே."