அம்மா எடுத்துப் பேசிய போன்கள்

அம்மா ஆண்டவரிடம் சேர்ந்து ஓராண்டாகிறது. அம்மா பயமே அறியாதவர் என்று அடக்க ஆராதனைக்கு வந்த நீங்கள் சொன்னீர்கள். அது சரியல்ல. சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த வீட்டில் பிறந்து, நாரணாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட அம்மா, காலமெல்லாம் பயந்தவர்தான்.

அப்பாவுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. உள்ளே போகிறவர்கள் செல்போனைக் கேட் ரூமில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு தீபாவளி சீசனில் அப்பாவின் ஷெட் வெடித்தது. அம்மா அப்பாவின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் அப்பாவைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

அதன்பின் அம்மா ஜெபிப்பதையே விட்டுவிட்டார். எங்கள் சபைப் போதகரம்மா தினமும் வந்து, புத்திமதி எதுவும் சொல்லாமல், எங்களுக்குச் சோறாக்கிப் போட்டார். ஒருநாள் அம்மா அவரிடமே கேட்டார்: "உங்க ஆண்டவரு அன்னைக்கு எங்கன போனாரு? ஒரு ஆளு அந்தப் போனை எடுத்து, 'பாத்துச் சொல்றேன்த்தா'ன்னு சொல்லியிருந்தா அம்புட்டே போதுமே!"

 போதகரம்மா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த முறை ஆலையில் வெடிச்சத்தம் கேட்டபோது ஊரே அங்கிருந்து விலகி ஓடிவர, அம்மா கேட் ரூமுக்கு ஓடினார். அடித்துக்கொண்டிருந்த போன்களை ஒவ்வொன்றாக எடுத்தார். "யாரு பேசுறீக? இன்னும் ஒண்ணும் தெரியலம்மா. ஜெபம் பண்ணிக்கிட்டே இருங்க. திரும்பக் கூப்பிடுங்க, இங்கனயேதான் இருப்பேன்." அதன்பின் ஒவ்வொரு விபத்துக்கும் போனார்; தெரியாததைத் தெரிந்ததாக ஒருநாளும் சொன்னதில்லை.

"மறுபடி வெடிச்சா என்னம்மா பண்ணுவ?" என்று சண்டை போடுவேன்.

"பயமாத்தான்த்தா இருக்கு. அதுக்காக அடிக்கிற போனை எடுக்காம இருக்க முடியுமா?"

அப்படிப் போய் வந்த பிறகுதான் அம்மாவுக்கு ஜெபமும் தூக்கமும் திரும்பின.

பிறகு தம்பியும் அதே ஆலைக்கு வேலைக்குப் போனான். நான் விருதுநகரில் இருந்தேன். வெடிவிபத்து என்று டிவியில் பார்த்ததும் அவன் போனுக்கு அடித்தேன். எடுத்தது அம்மா.

"தம்பி எங்கம்மா?"

"தெரியலத்தா."

"ஐயோ, உள்ள போயிப் பாரும்மா!"

"விட மாட்டேங்கிறாக. வையி தாயீ, இன்னொரு போனு அடிக்குது."

வைத்துவிட்டார். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாமல், ஊரார் பிள்ளைகளுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தம்பி கையில் தீக்காயத்தோடு பிழைத்து வந்தான். அவனைக் கட்டிக்கொண்டு அழுத அம்மா, அரை மணியில் மறுபடி கேட் ரூமுக்குப் போய்விட்டார்.

கடைசி நாட்களில் மூச்சுத் திணறியபோது, "பயமா இருக்காம்மா?" என்றேன்.

"இருக்கு. ஆனா தனியா இல்ல."

போதகரம்மாவுக்கும், ஆஸ்பத்திரிக்கு அலைந்த சபை வாலிபர்களுக்கும் எங்கள் நன்றி. அடக்கத்துக்கு வந்திருந்த, எங்களுக்கு முன்பின் தெரியாத பெண்களுக்கும் நன்றி. ஒருவர் பெட்டியருகே நின்று சொன்னார்: "எம் புருஷன் போயிட்டாருன்னு இவுகதான் போன்ல சொன்னாக. நான் அழுது முடிக்கிற வரைக்கும் வைக்கல. முகத்த இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மறுபடியும் சீசன் வந்துவிட்டது. இதை எழுதும்போது தம்பி வேலையில் இருக்கிறான், அவன் போன் கேட் ரூமில் இருக்கிறது. எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.