சத்தத்தைக் குறைக்கக் கேட்ட ஜெபம்

என் கணவர் சுரங்கத்தில், மண்ணை வாரி எடுக்கும் பெரிய இயந்திரத்தில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்க வேண்டும் என்றாலும் கத்தித்தான் ஆக வேண்டும். இருபத்தைந்து வருடம் கத்திப் பழகியவர், வீட்டில் துண்டு கேட்பதும் அதே சத்தத்தில்தான். அவர் குளிக்கப் போகிறார் என்பது எதிர்வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்துவிடும்.

அதையெல்லாம் சகித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். அவர் பாடகர் குழுவில் இருந்தார். யாரும் கூப்பிட்டுச் சேர்க்கவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்குப் போய் அவர்களோடு நின்றார். இறங்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. எல்லோரும் கீர்த்தனையின் முதல் வரியைத் தொடங்கும்போது இவர் இரண்டாவது வரிக்குப் போயிருப்பார். ஆர்மோனியம் வாசிப்பவர் கொஞ்ச தூரம் துரத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்.

நான் திருநெல்வேலிப் பக்கம். நான்கு தலைமுறையாகக் கோவிலுக்குள் எப்படி இருமுவது என்பதுவரை பழக்கப்படுத்தப்பட்ட குடும்பம். அவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். அவருடைய அப்பா காலத்தில்தான் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களானார்கள். அவருக்கு ஆண்டவர் மேல் இருந்த பிரியம் புதுசு. அடக்கி வைக்கத் தெரியாது.

இரண்டாயிரத்துப் பதினான்கு என்று நினைவு. ஈஸ்டர் ஆராதனையில் அவர் எடுத்த எடுப்பில், தூங்கிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தை அலறி விழித்தது. பெண்கள் பக்கம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆண்டவரே, இந்த மனுஷனுடைய சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தருளும்" என்று ஜெபித்தேன். அந்த வருடத்தில் நான் செய்த ஜெபங்களிலேயே அவ்வளவு ஊக்கமானது வேறு இல்லை.

ஆகஸ்டில் அவர் குரல் கம்மியது. இஞ்சிச் சாறு, மிளகுப் பால் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். நாங்கள் குடியிருந்த சுரங்க டவுன்ஷிப்பின் டாக்டர் பாண்டிச்சேரிக்குப் போகச் சொன்னார். அங்கே குரல்நாணில் ஒரு கட்டி இருக்கிறது என்றார்கள். எடுத்துப் பரிசோதித்துவிட்டு, புற்றுநோய், ஆனால் ஆரம்பக் கட்டம்தான் என்றார்கள். ஆறு வாரம் கதிர்வீச்சு. அது முடியும்வரை பேசக் கூடாது.

வீடு அமைதியானது. நான் கேட்ட அமைதி.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்காகவே யோசித்தேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுத்தான் இது நடந்தது என்றால், அப்படிப்பட்டவரிடம் இனி எதைத் துணிந்து கேட்பது? கேட்கவே இல்லை என்றால், இத்தனை வருடம் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? எந்த விடை வந்தாலும் எனக்கு மார்க் இல்லை. ஜெபத்தை நிறுத்திவிட்டேன். ஆனால் வெளியே தெரியவிடவில்லை. கோவிலில் கண்ணை மூடித் தலையைக் குனிந்து உட்காருவேன். பார்க்கிறவர்களுக்குப் பக்தியாகத் தெரியும். உள்ளே, நாளைக்கு இட்லி மாவு போதுமா என்ற யோசனை ஓடிக்கொண்டிருக்கும்.

சபையிலிருந்து ஒரு அக்கா ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க டீச்சர்" என்றார். என்னிடம் சரியாக ஒன்று இருந்தது. அவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் டவுன்ஷிப்பின் எல்லா பிளாக்குக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

என் கணவர் எழுதித்தான் பேசினார். சுவரில் வசன காலண்டர் தொங்கியது. கிழித்த தாள்களைச் சேர்த்துவைத்து அவற்றின் பின்பக்கத்தில் எழுதினார். முன்பக்கம் பார்த்தால் தேவன் தைரியம் சொல்லுவார். பின்பக்கம், "சட்னில காரம் ஏன் போட்ட?" என்றிருக்கும்.

ஒரு சனிக்கிழமை மதியம் பாஸ்டர் வந்தார். என் கணவர் உள்ளே தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஈஸ்டர் அன்று நான் ஜெபித்ததையும் அதற்குப் பிறகு ஜெபிக்காததையும் சொல்லிவிட்டேன். பாஸ்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"டீச்சர், ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட சொல்லாதீங்க. நான் மாத்தலாகி இங்க வந்து மூணு வருஷமாச்சு. மூணு வருஷமா நானும் அதையேதான் ஜெபிச்சிக்கிட்டிருக்கேன்."

டம்ளரை மறுபடி கையில் எடுத்தார்.

"ஆர்மோனியம் வாசிக்கிறவர் ரெண்டு வெள்ளிக்கிழமை உபவாசமே இருந்தார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது அழுகையில் போய் முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அறை வாசலில் என் கணவர் இரண்டு தாள்களோடு நிற்கிறார். ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"எட்டு வருசமா தோட்டம் வச்ச குவார்ட்டர்ஸ் கேட்டு வேண்டிக்கினு இருக்க. அது வரல. இது மட்டும் வந்துட்ச்சா? ஒனக்கு அம்மாம் செல்வாக்கு இல்ல."

இன்னொன்றை பாஸ்டரிடம் கொடுத்தார். அதில் "எல்லாம் கேட்டுச்சுங்க" என்று மட்டும் எழுதியிருந்தது. பாஸ்டர் அந்த டீயை முடிக்காமலே கிளம்பிவிட்டார்.

குற்ற உணர்ச்சி அன்றோடு இறங்கியது. ஆனால் கணக்கின் மறுபாதி அப்படியே நின்றது. ஆண்டவர் கேட்கவே இல்லை என்பதுதானே இப்போது மிச்சம்? அந்தப் பாதியோடுதான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, நெல்லிக்குப்பம் வழியாகத் தினமும் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குப் போய்வந்தேன்.

மூன்றாவது வாரம். கதிர்வீச்சு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஒரு அம்மா. அவர்கள் தறி நெய்கிறவர்கள். அவருடைய கணவருக்கும் தொண்டையில்தான். என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க வேதக்காரங்களாம்மா?"

"ஆமாங்க."

"எங்க வூட்டுக்காரருக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க. எல்லா சாமிகிட்டயும் சொல்லிட்டன். ஒங்க சாமிகிட்ட சொல்லத்தான் ஆளு கெடைக்கல."

ஜெபத்திலிருந்து நான் ராஜினாமா செய்துவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் ஏற்கெனவே கைகூப்பிக் கண்ணை மூடிவிட்டார். நானும் மூடினேன். இத்தனை வருடம் மனப்பாடமாக வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "ஆண்டவரே, நீங்க கேக்குறீங்களான்னு எனக்குத் தெரியல. கேட்டா இந்த அம்மாவோட வீட்டுக்காரரப் பாத்துக்கோங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. ஆமென்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, சாமிகிட்ட இப்டியா பேசுவாங்க?" என்றார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "பரவால்ல. பயந்துகினு இருக்கறத பயம்னுதான சொல்ல முடியும்."

அதற்குப் பிறகு தினமும் ஜெபம் செய்யச் சொன்னார். நானும் செய்தேன். பத்து நாள் போனபோது, அவர் கேட்கும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டிருந்தேன். நம்பிக்கை திரும்பிவிட்டது என்று அதைச் சொல்ல மாட்டேன். திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த என் பழைய ஜெபங்கள் நல்ல இலக்கணத்தோடு இருக்கும். அவற்றில் நான் இருக்க மாட்டேன். இந்தப் புதுசில் இலக்கணம் இல்லை, சந்தேகம் நிறைய இருந்தது, நானும் இருந்தேன்.

டிசம்பரில் சிகிச்சை முடிந்தது. அடுத்தடுத்த வருடப் பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை என்றார்கள். என் கணவருக்குக் கரகரவென்று பாதிக் குரல் திரும்பியது. மறுபடியும் பாடகர் குழுவில் போய் நின்றார். சத்தம்தான் போயிருக்கிறது; சுருதி முன்பு எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. பாஸ்டர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் பார்வையைப் பாட்டுப்புத்தகத்துக்குத் திருப்பிக்கொள்வார்.

எனக்குச் சந்தேகம் இன்னமும் வருகிறது. முன்பெல்லாம் அதை ஆண்டவருக்குத் தெரியாமல் ஒளித்துவைக்கப் பார்ப்பேன். இப்போது அதையும் அவரிடமே சொல்லிவிடுகிறேன்.

குறிஞ்சிப்பாடி அம்மாவின் கணவருக்கு எங்களுக்கு முன்பே சிகிச்சை முடிந்தது; இருவரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாது. பெயரைக்கூடக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. "குறிஞ்சிப்பாடியில் தறி நெய்கிறவர்" என்று சொல்லித்தான் காலையில் ஜெபிக்கிறேன். அந்த ஊரில் தறி நெய்கிறவர்கள் ஏராளம். யாருக்குப் போய்ச் சேருகிறதோ, சேரட்டும்.